எட்டாம் நாள் செவிச்சே

எங்கள் வீட்டில் இறாலுக்கு அடுப்பு மூட்டுவதில்லை. இதை முதன்முதலில் அண்ணியிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. பச்சை இறாலைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவிட்டு அப்படியே தின்கிற மனிதனுக்கா எங்கள் பிள்ளையைக் கொடுத்தோம் என்கிற பார்வை. கொடுத்தது அவர்கள் இல்லை. நானாகத்தான் போனேன்.

என் கணவர் எல் சல்வடோர்காரர். நான் யாழ்ப்பாணம். மொன்றியலில் புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவருடைய ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது, என் தமிழ் அவருக்குத் தெரியாது, பிரெஞ்சு இரண்டு பேருக்குமே தெரியாது. அந்தத் தெரியாத மொழியில்தான் காதலித்தோம், கல்யாணம் கட்டினோம், சண்டை பிடித்தோம். சண்டைதான் கஷ்டம். சரியான வினைச்சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும்.

அண்ணை கல்யாணத்துக்கு வரவில்லை. பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, இரண்டு கார், கோயில் நிர்வாகத்தில் ஒரு பதவி என்று இருந்தவருக்கு நான் செய்தது பெரிய தலைகுனிவு. மகள் பிறந்த பிறகு ஒரு சங்கிலியோடு வந்தார். அவளைத் தூக்கி மடியில் வைத்தவர் பிறகு எங்களை விடவில்லை. செயின்ட்-மிஷேலில் எங்கள் வாடகை வீட்டின் இரும்புப் படிகளில் மூச்சிரைக்க ஏறி வந்து, என் கணவரைத் "தம்பி" என்று கூப்பிட்டு, இரண்டு பேரும் ஒரு வார்த்தை விளங்காமல் ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து பியர் குடிப்பார்கள்.

சனிக்கிழமைதான் செவிச்சே, அந்தப் பச்சை இறால் சாப்பாடு. ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் என் கணவருக்கு வேலை, அன்றைக்கு விடுமுறை. காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்பானிஷ்காரரின் கடைக்குப் போய் இறாலும் தேசிக்காயும் வாங்கி வருவார். இறாலின் கோதை உரித்து, முதுகுக் குடலை இழுத்து, சின்னச் சின்னதாக வெட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போடுவார். தேசிக்காயைப் பிழிந்துவிட்டுப் பிரிட்ஜில் வைத்தால், சாம்பல் நிறத்தில் கிடந்த இறால் மெல்ல வெளிறி, பிறகு இளஞ்சிவப்பாக மாறும். நெருப்பே இல்லாமல் எப்படி வேகிறது என்று மகள் பிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்ப்பாள். எனக்கும் ஆச்சரியம்தான். காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு தக்காளி, சிவப்பு வெங்காயம், கொத்தமல்லி, போத்தலில் வருகிற கறுப்பு இங்கிலீஷ் சோஸ். எல்லாவற்றையும் கலந்து, உப்பு பிஸ்கட்டின் மேல் அள்ளி வைத்துச் சாப்பிட வேண்டும்.

ஆனால் அவர் ருசி பார்க்கமாட்டார். அது அவருடைய வழக்கம். கிண்ணத்தைக் கலக்கி, ஒரு கரண்டி அள்ளி, சிந்தாமல் மற்றக் கையைக் கீழே ஏந்திக்கொண்டு என்னிடம் வருவார். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாலும் சரி, தொலைபேசியில் அண்ணியோடு ஊர்வம்பு கதைத்துக்கொண்டிருந்தாலும் சரி, வாயைத் திறக்க வேண்டும். புளி காணாது என்றால் போய் இன்னொரு தேசிக்காய் பிழிந்துவிட்டுத் திரும்பி வருவார். உறைப்பு எங்கே என்றால் பச்சை மிளகாய் வெட்டப் போவார். நான் "காணும்" என்று சொல்கிற வரைக்கும் இந்த நடை நடக்கும். போதும் என்பதற்கு எங்களூரில் சொல்கிற சொல் அது. அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச்சொல்லும் அதுதான். "காணும்?" என்று புருவத்தை உயர்த்திக் கேட்பார். "காணும்" என்று நான் சொன்ன பிறகுதான் தனக்கென்று ஒரு பிஸ்கட்டை எடுப்பார். ஒரு நாளாவது அதற்கு முன் எடுத்ததில்லை.

முதல் தடவை செய்தபோது அதில் புதினா இருந்தது. "பற்பசை மணக்குது" என்றேன். அடுத்த தடவை பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த தடவை புதினாவே இல்லை. பச்சை மிளகாய் ஒன்றில் தொடங்கி எனக்குக் கண் கலங்குகிற அளவுக்கு வந்து நின்றது. நான் அதைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை. அது அவருடைய ஊர்ச் சாப்பாடு, நான் அதைச் சாப்பிடப் பழகிக்கொண்டேன் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணியிடம்கூட அப்படித்தான் பெருமையடித்தேன்.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஆட்கள் எல்லோரும் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போய் வந்தார்கள். அதைப் பார்த்து அவருக்கும் தாயைப் பார்க்க ஆசை வந்தது. மூன்று பேரும் போக வசதியில்லை, அவர் மட்டும் போனார். திரும்பி வந்த அன்றைக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சூட்கேசைக்கூடத் திறக்கவில்லை. காற்சட்டையின் கீழ்ப்பகுதி நனைய நனையக் கடைக்குப் போய் இறால் வாங்கி வந்து செவிச்சே செய்தார். மார்கழிக் குளிரில் யாராவது இதைச் சாப்பிடுவார்களா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு கரண்டியை நீட்டினார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட சாப்பாட்டை நான் மறக்கவில்லை. தாயைப் பிரிந்து வந்த ஏக்கம், பாவம், என்று நினைத்துக்கொண்டு என் பங்கையும் அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

ஒரு பங்குனி மாதக் காலையில் தொழிற்சாலையில் மா மூட்டையைத் தூக்கியவர் அப்படியே விழுந்துவிட்டார். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிட்டதாம். செய்தி வந்தபோது நான் அவருடைய சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் கத்தோலிக்கர். பூசை வைத்து, அவர்கள் முறைப்படி அடக்கம் செய்தோம். அவருடைய கூட்டாளிகள் வந்து கிதார் வாசித்துப் பாடினார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து இருந்தால் எனக்கு ஒன்றுமே முடிந்த மாதிரி இல்லை. எங்களில் செத்தவருக்கு எட்டுச்செலவு என்று ஒன்று செய்வோம். எட்டாம் நாள் பின்னேரம், போனவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம், மீன் இறைச்சி உட்பட, சமைத்து இலையில் படைத்துவிட்டு, கதவைச் சாத்தி வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. எனக்கு அதைச் செய்ய வேண்டும் போலிருந்தது. அவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆசை அது.

அண்ணையிடம் சொன்னேன். அவர் மறுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "செய்வம் பிள்ளை. எங்கட வீட்டு ஆள்தானே" என்றார். அந்த வார்த்தைக்காக என் கணவர் எத்தனையோ வருடம் காத்திருந்தார். கேட்கத்தான் ஆளில்லை. நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அண்ணி மற்றக் கறிகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். செவிச்சே மட்டும் என் பொறுப்பு. "ஒண்டு சொல்லிப்போட்டன்" என்றார். "படைக்கிறதை வாயில வைச்சுப் பார்க்கக் கூடாது. எச்சிலாப் போயிடும்."

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்த நிமிஷத்தில்தான் என் நிலைமை எனக்கு விளங்கியது. எத்தனை இறாலுக்கு எத்தனை தேசிக்காய், எவ்வளவு உப்பு, எத்தனை மிளகாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் செவிச்சேயின் அளவு முழுக்க என் நாக்கில் இருந்தது. அந்த நாக்கைப் பாவிக்கக் கூடாது என்றால் என் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரித்தான்.

யோசித்துப் பார்த்தபோது வேறொன்றும் தோன்றியது. கடைசியாக ஒரு தடவை வந்து சாப்பிடப்போகிற மனிதன், பிறந்த வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே. தெருமுனையில் இருக்கிற டெப்பனர் கடைக்கு ஓடிப்போய் ஒரு தொலைபேசி அட்டை வாங்கி வந்தேன். மகள் இலக்கங்களை அமத்தினாள். அவருடைய தங்கைதான் எடுத்தா. எனக்கு ஸ்பானிஷ் வராது, அவவுக்குப் பிரெஞ்சு வராது. நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் நடுவில் நின்றாள். தகப்பனிடம் ஸ்பானிஷும் என்னிடம் தமிழும் தோழிகளிடம் பிரெஞ்சும் கதைத்துப் பழகிய பிள்ளை. உங்கள் வீட்டில் செவிச்சே எப்படிச் செய்வீர்கள் என்று கேள் என்றேன். அந்தப் பக்கம் அழுகையோடு அழுகையாகச் சொல்லச் சொல்ல, மகள் எனக்குச் சொன்னாள். தேசிக்காய் கொஞ்சம். முள்ளங்கி. ஒரு கரண்டி தக்காளி சோஸ். புதினா நிறைய. மிளகாய் போடுவதே இல்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று நான் சொல்லவில்லை. எட்டுச்செலவை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

சொன்னதைச் சொன்னபடி செய்தேன். கரண்டியைக் கழுவிக் கழுவி வைத்தேன், பழக்கத்தில் வாய்க்குப் போய்விடக் கூடாதே என்று. புதினா வாசம் வீடு முழுக்கப் பரவியது. கல்யாணம் கட்டிய புதிதில் வந்த வாசம். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, நான் சரியானதைத்தான் செய்கிறேன் என்று.

வாழையிலை உறைய வைத்துத்தான் வரும். அதைச் சுடுநீரில் காட்டி விரித்து, அவருடைய படத்துக்கு முன்னால் படைத்தோம். அண்ணியின் கணவாய்க் கறி, மீன் பொரியல், அண்ணை வாங்கி வந்த பியர், நடுவில் செவிச்சே, பக்கத்தில் உப்பு பிஸ்கட். விளக்கை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டின் மேல்தட்டில் போய் நின்றோம். குளிர் காதைக் கடித்தது. மகள் என் கோட்டுக்குள் புகுந்துகொண்டு, பப்பா படியால் வருவாரா, யன்னலால் வருவாரா என்று கேட்டாள். அவர் பூட்டுத் திறப்பைத் தொலைக்கிற ஆள், எப்படியாவது வருவார் என்றேன். அண்ணைகூடச் சிரித்தார். உள்ளே அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்கு நான் உண்மையாகவே நம்பினேன். அந்த ஒரு வாரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

உள்ளே போய், படைத்ததைப் பகிர்ந்து சாப்பிட்டோம். மகள் ஒரு பிஸ்கட்டில் செவிச்சேயை வைத்துக் கடித்தாள். மென்று, நிறுத்தி, மிச்சத்தைத் தட்டில் வைத்தாள்.

"இது பப்பாட இல்லை" என்றாள்.

"இதுதான் பப்பாட. அவற்ற ஊரில இப்பிடித்தான்" என்றேன்.

நானும் எடுத்து வாயில் வைத்தேன். இனிப்புப் பிடித்த, சாதுவான, புதினா மணக்கிற இறால். புளியும் இல்லை, உறைப்பும் இல்லை. எனக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காதது நல்லது என்றே நினைத்தேன். இது எனக்காகச் செய்ததில்லை, அவருக்காகச் செய்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில நாட்களின் பின் அவருடைய தங்கை தொலைபேசி எடுத்தா. மகள்தான் கதைத்தாள். நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பப்பாவுக்காக நாங்கள் சாப்பாடு படைத்ததையெல்லாம் அவள் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள். செவிச்சே, புதினா என்ற சொற்கள் எனக்கும் பிடிபட்டன. அந்தப் பக்கம் தங்கை ஏதோ நீளமாகச் சொன்னா. மகளுடைய முகம் மெல்ல மாறியது.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை."

"சொல்லு."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுத்தான் சொன்னாள். தமிழில் பாதி, பிரெஞ்சில் பாதி. பப்பா ஊருக்குப் போனபோது அவருடைய தாய் ஆசையாகச் செவிச்சே செய்து வைத்தாவாம். பப்பா இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிடவில்லையாம். புதினாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பை ஓரத்தில் வைத்தாராம். பச்சை மிளகாய் இருக்கிறதா என்று கேட்டாராம். வீட்டில் இல்லாமல் தானே போய் வாங்கி வந்து வெட்டிப் போட்டு, தேசிக்காயைப் பிழி பிழி என்று பிழிய, தாய்க்குக் கோபம் வந்துவிட்டதாம். அதற்கு அவர், இனி எனக்கு இது இறங்காது அம்மா, என் மனைவி வீட்டுச் செவிச்சேதான் இறங்கும் என்று சொன்னாராம். தாய் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லையாம்.

"அப்ப, அம்மா," என்று மகள் கேட்டாள், "அண்டைக்குப் பப்பா ஒண்டும் சாப்பிடேல்லையா?"

பனிக்குள் நடந்து போய் இறால் வாங்கி வந்தாரே, அன்றைக்கு அவர் சாப்பிட்ட சாப்பாடு நினைவுக்கு வந்தது. அது தாயைப் பிரிந்த ஏக்கம் இல்லை. தாய் வீட்டில் பட்டினி கிடந்தவர் தன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். அவருக்குத் தன் வீடு நான்தான். இதை அவர் இருக்கும்போது அறிந்திருந்தால் எவ்வளவு துள்ளியிருப்பேன். அறிந்தபோது அது என்னைக் கொன்றது. சாப்பிட வந்த ஒரே நாளில், தாய் வீட்டில் அவர் தள்ளி வைத்த அதே சாப்பாட்டை, அதே புதினாவோடு, தங்கச்சி வீட்டு அளவில் அள்ளி வைத்து, கதவையும் சாத்திவிட்டு வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வருடம் முழுக்க எனக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை. கோப்பையில் சோற்றைப் போட்டால் அவர் பசியோடு போனது நினைவுக்கு வரும். சனிக்கிழமைகளில் மகளும் நானும் ஏதாவது முட்டையைப் பொரித்துச் சமாளித்துக்கொண்டோம். அவள் செவிச்சே கேட்கவில்லை. நானும் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுக்கவில்லை.

வருடம் திரும்பியது. அண்ணை கோயிலில் திவசத்துக்கு ஒழுங்கு செய்து, மரக்கறிச் சாப்பாடு கொடுத்தார். பின்னேரம் அவர்கள் என் வீட்டுக்கு வந்தபோது, நான் குசினியில் இறால் கோது உரித்துக்கொண்டிருந்தேன்.

"திவசத்தண்டு மச்சமோ?" என்று அண்ணி திகைத்தார். "ஆரும் கேள்விப்பட்டால் சிரிப்பினம்."

"அவர் மரக்கறிக்கு வரமாட்டார் அண்ணி."

அண்ணி அண்ணையைப் பார்த்தார். அண்ணை யன்னலைப் பார்த்தார்.

மகள் தேசிக்காயைப் பிழிந்தாள். ஒரு வருடத்தில் அவள் வளர்ந்திருந்தாள், தகப்பனுடைய விரல்கள். பச்சை மிளகாயை நான் பொடியாக வெட்டினேன். புதினா வாங்கவே இல்லை. எல்லாவற்றையும் கலந்து, ஒரு கரண்டி அள்ளி, மற்றக் கையைக் கீழே ஏந்திக்கொண்டு வாயில் வைத்தேன். புளி காணாது. மகள் இன்னொன்று பிழிந்தாள். திரும்பவும் வாயில் வைத்தேன். கண் கலங்கியது. சரியாக வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கத்தினார்.

"என்னடி செய்யிறாய்? படைக்கிறதையெல்லோ எச்சிலாக்கிப்போட்டாய்!"

"அவருக்கு நான்தான் ருசி பார்க்கிறனான்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அண்ணி இலையைத் தானே எடுத்துத் துடைத்து விரித்தார்.

படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டுப் போன வருடம் நின்ற இடத்தில் நின்றோம். படிகளில் உறைபனி. மகள் இப்போது என் கோட்டுக்குள் புக முடியாத உயரம். தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"பப்பா வருவாரா? போன முறை வந்து ஒண்டும் சாப்பிடாமல் போனவரெல்லோ."

"போயிருக்கமாட்டார்" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "நான் ருசி பார்த்துக் காணும் எண்டு சொல்லாமல் பப்பா ஒரு நாளும் சாப்பிட்டவரில்லை. நான் சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டு நிண்டிருப்பார்."

அவள் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப ஒரு வருசமாப் பசியோடயா நிக்கிறார்?"

நான் கதவுப் பிடியில் கையை வைத்தேன். ருசி பார்த்தேனே தவிர, அந்தச் சொல்லை நான் இன்னும் சொல்லவில்லை.

"பொறு பிள்ளை, இன்னும் நேரம் இருக்கு" என்றார் அண்ணை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. இலைக்கு முன்னால் நின்று, பக்கத்து அறையில் நிற்கிற ஆளுக்குக் கேட்க வேண்டிய அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"காணும். சாப்பிடுங்கோ."